ஆழிமாறன் மண்டியிட்ட காட்சி

"நாதா" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அமலி "சார்" என்று சொல்லிவிட்டாள்.

தில்லி மந்திர் மார்க் பள்ளிக்கூடத்து ஹாலில் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மந்திரி, சேனாதிபதி, இரண்டு சேடிகள் எல்லோரும் ஒரு கணம் விழித்துவிட்டு ஒன்றாகச் சிரித்தார்கள். இயக்குநர் ஜோதிலிங்கமே கையிலிருந்த ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று அமலி. இன்னொன்று, அவளுக்கு எதிரே காஷ்மீர் சால்வையை ராஜா மாதிரி போர்த்திக்கொண்டு நின்ற கஸ்தூரிரங்கன்.

"ராணிக்கு இங்கே ஆபீஸ் ஞாபகம்," என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "ஆபீஸ்ல வேற ஞாபகம். அதான் பிரச்சினையே."

சிரிப்பு சட்டென்று நின்றது. வாரத்தில் ஆறு நாள் அவர் ஓர் அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி, அவள் அவருக்கு ஸ்டெனோ என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஏழாவது நாள் அவர் பாண்டிய மன்னன் ஆழிமாறன், அவள் அவனுடைய பட்டத்து ராணி பவளநங்கை. அப்படி ஆனது எழுபத்தொன்பது நவம்பரில். தில்லி தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத் தமிழ் சரித்திர நாடகம் போட இடம் கிடைத்திருந்தது. பதினைந்து வருஷமாக மேடையில் ராணியாக நடித்துவந்த அம்மாளின் புருஷனுக்குப் போபாலுக்கு மாற்றலாகிவிட, ஜோதிலிங்கம் ஒரு பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்த பெண்ணின் குரலை நினைவு வைத்துக்கொண்டு அவளைத் தேடி அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு வந்தார். ராஜா யார் என்று அமலி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பாள். தூத்துக்குடியிலிருந்து வந்த மூன்று வருஷத்தில் இந்த ஊரில் அவள் வாய்விட்டுச் சொன்ன வார்த்தைகளில் பாதி "எஸ் சார்". இந்த ஹாலில் ஒரு வசனத்தை நடுமூச்சிலிருந்து எடுத்துச் சொன்னபோது அது கடைசிச் சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கதை ஒன்றும் புதிதில்லை. முத்துக்குளிக்கும் துறைமுகத்தின் தலைவன் மகளை, அவள் தகப்பனுடைய கப்பல்களுக்காகக் கட்டிக்கொள்கிறான் ராஜா. இருவருக்கும் இருபத்தைந்து வயது வித்தியாசம். அவளுடைய கடற்கரைப் பேச்சைக் கேட்டு அரண்மனையே சிரிக்கிறது. ராஜாவும் சேர்ந்து சிரிக்கிறான். அவள் துரோகி என்று எவனோ சொன்னதை நம்பிச் சபையிலேயே பழி சுமத்தி ஒதுக்கி வைக்கிறான். கடைசியில் போரில் தோற்று ஓடும்போது அவனைக் காப்பாற்றுவது அவள் வரவழைத்த கப்பல்கள்தான். அவன் அவளுடைய அந்தப்புரத்துக்கு வந்து மண்டியிட்டு, "நங்கையே, உன்மேல் நான் சொன்னதெல்லாம் பொய். என்னை மன்னித்துவிடு," என்கிறான். அவள் "மன்னித்தேன் நாதா" என்கிறாள். அதோடு நாடகம் முடிகிறது.

கஸ்தூரிரங்கனுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. "ராஜா எதுக்கு ஓய் மன்னிப்பு கேக்கணும்? சரித்திரத்துல எந்த ராஜா கேட்டிருக்கான்?" என்று ஒவ்வொரு வாரமும் ஆரம்பிப்பார். ஜோதிலிங்கம் ரயில்வேயில் குமாஸ்தா. பெரிய அதிகாரியிடம் பேசுகிறோம் என்ற பதற்றத்தோடேயே, "இதை எடுத்துட்டா லவ்வே இல்லீங்களே சார்," என்பார். அவளுடைய "ழ" சரியில்லை என்று கஸ்தூரிரங்கன் எல்லோர் முன்னாலும் பத்து முறை சொல்ல வைத்தார். அவள் பத்து முறையும் சொன்னாள். பதினோராவது முறை, "நீங்க 'அரண்மனை'க்கு ரெண்டு சுழி போடுதீங்க சார், அதையும் பாத்துக்கிடுங்க," என்றாள். அவளுடைய கையைப் பிடிக்க வேண்டிய இடங்களில் அவர் காற்றைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசினார்.

அவர்களுக்குள் இருந்த பகை நாடகத்துக்கு முந்தியது. அந்த மே மாதம் அமலியின் அப்பா இறந்துபோனார். பத்து நாள் லீவில் போனவள், அம்மாவும் படுத்துவிட்டதால் ஐந்து நாள் கூட வேண்டுமென்று தந்தி அடித்தாள். திரும்பி வந்து நின்றபோது, "தந்தி கெடச்சுது, போய் வேலையைப் பார்," என்றார் கஸ்தூரிரங்கன். அவள் நன்றிகூடச் சொன்னாள். அவள் இல்லாத அந்த ஐந்து நாளில் வேறொரு குமாஸ்தா தப்பும் தவறுமாக டைப் அடித்த ஒரு குறிப்பு மேலிடம் போய், ஜாயிண்ட் செக்ரட்டரி எல்லோர் எதிரிலும் கஸ்தூரிரங்கனைக் கடிந்துகொண்டார் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அக்டோபரில் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. ரகசிய அறிக்கையில் கஸ்தூரிரங்கன் அவளைப்பற்றி எழுதியிருந்த பாதகமான வரிகள் அதில் இருந்தன. 'அனுமதியின்றி ஐந்து நாள் வரவில்லை. கடமையுணர்வும் கீழ்ப்படிதலும் போதாது.' வேலை நிரந்தரமாக வேண்டிய வருஷம் அது. ஊரில் அம்மாவும் பி.எஸ்சி. படிக்கும் தங்கையும் அவள் சம்பளத்தில் இருந்தார்கள். அந்தத் தாளை அவள் நாலாக மடித்துச் செபமாலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதை வைக்க வேறு பத்திரமான இடம் அவளிடம் இல்லை.

பதிவுக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். டிக்டேஷன் நோட்டோடு போனவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஒரு சின்ன விஷயம். உடம்பு சரியில்லேன்னு சொல்லிட்டு இந்த நாடகத்துலேர்ந்து நீயா விலகிக்கோ. ஜோதி வேற யாரையாவது போட்டுப்பான்."

"எதுக்கு சார்?"

"இந்தக் கட்டடமே பாக்கப் போறது. பியூன் பாப்பான், டெஸ்பாட்ச் கிளார்க் பாப்பான். என் ஸ்டெனோ முன்னாடி நான் மண்டி போடறதை." பேனாவைத் திருகி மூடினார். "நீ விலகினா நான் மேலே ஒரு நோட் போடறேன். அந்த ரிமார்க்கை எடுத்துடலாம்னு. மார்ச்சுக்குள்ள கன்ஃபர்மேஷன் வந்துடும்."

அவளுக்கு அந்தக் கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நாடகம். யார் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? தங்கையின் பரீட்சைக் கட்டணம் ஞாபகம் வந்தது. ஒத்துக்கொள்வது என்றே அவள் முடிவு செய்துவிட்டாள். வாயிலிருந்து வந்தது மட்டும் வேறாக இருந்தது.

"நோட்டோட காப்பிய எங்கையில குடுங்க சார். அன்னைக்கே வெலகிக்கிடுதேன்."

"ஏன், என் வார்த்தையில நம்பிக்கை இல்லையா?"

"தந்தி கெடச்சுதுன்னு நீங்க வாயாலதான் சார் சொன்னீங்க."

கஸ்தூரிரங்கனின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. பேனாவை மறுபடி திறந்து ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டார். பிறகு, "போ," என்றார். காப்பியும் வரவில்லை, அவளும் விலகவில்லை.

பதிவு நாள் காலை ஸ்டுடியோ பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அவர்களுடையது. ஒரு மணிக்கு வேறு நிகழ்ச்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். டேப்பை நிறுத்தி நிறுத்தி எடுக்க முடியாது, ஒரே ஓட்டம்தான், தப்பு வந்தால் சமாளித்துக்கொண்டு போக வேண்டும் என்று ஜோதிலிங்கம் கும்பிட்டுச் சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போனார். வெளியே டிசம்பர் குளிர். உள்ளே விளக்குகளின் சூட்டில் அட்டைக் கிரீடத்தின் கோந்து இளகி அமலியின் நெற்றியில் ஒட்டியது. ஆனால் முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. கஸ்தூரிரங்கன் நல்ல நடிகர். சபையில் அவள்மேல் பழி சுமத்தும் காட்சியில் அவர் குரல் அப்படி ஒரு வன்மத்தோடு வந்ததில், சேடியாக நின்ற பெண் நிஜமாகவே பின்னால் நகர்ந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. அவர் மண்டியிட்டார். இந்த முறை அவள் கையையும் பிடித்தார். பிடி இறுகியிருந்தது.

"நங்கையே," என்றார். "உன் தந்தையின் கப்பல்கள் எனக்கு நன்றாகவே பணி செய்தன. உன் விசுவாசத்தை மெச்சினேன்."

அது ஸ்கிரிப்டில் இல்லாத வரி. அரசன் வேலைக்காரிக்குச் சொல்லும் வரி. சொல்லிவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். இனி அவள் எதைச் சொன்னாலும் காட்சி முடிந்துவிடும். "மன்னித்தேன்" என்று சொன்னால் அர்த்தமில்லை. "மகிழ்ச்சி நாதா" என்று எதையாவது சமாளித்துச் சொல்ல வேண்டியதுதான். அவள் சமாளிக்கத் தெரிந்தவள் என்று மூன்று வருஷமாக அவருக்குத் தெரியும்.

அமலி ஒன்றும் சொல்லவில்லை.

கேமராவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற ஃப்ளோர் மேனேஜர் கையைச் சக்கரம் மாதிரி சுற்றினான், சொல்லு, சொல்லு என்று. அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் காலடியில் அவருடைய ஐம்பத்திரண்டு வயது முழங்கால் சிமெண்டுத் தரையில் இடம் மாற்றிக்கொள்வது தெரிந்தது. அவருடைய மீசையின் ஒரு ஓரம் வியர்வையில் தூக்கிக்கொண்டது. உதடு அசையாமல், "சொல்லித் தொலை," என்றார். அவள் இமைக்காமல் அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்ப்பதுபோல, வர வேண்டியது வரட்டும் என்று பார்த்தாள். எழுந்தால் காட்சி கெடும். மேடையில் அவர் எடுத்திருந்த பதினைந்து வருஷப் பெயர் கெடும். மண்டியிட்டே இருந்தால் இருக்க இருக்க அது இன்னும் நீண்டது. அவர் கண்களில் நீர் திரண்டது.

"உன்மேல் நான் சொன்னதெல்லாம் பொய்," என்றார். குரல் நடுவில் உடைந்தது. "என்னை... என்னை மன்னித்துவிடு."

அவள் இன்னும் ஒரு மூச்சு நேரம் விட்டாள்.

"எழுந்திருங்கள்," என்றாள்.

"மன்னித்தேன்" என்பதையும் "நாதா" என்பதையும் அவள் சொல்லவே இல்லை. கண்ணாடி அறையிலிருந்து ஜோதிலிங்கம் ஓடிவந்து இருவர் கையையும் மாறி மாறிக் குலுக்கினார். "அந்த மௌனம் இருக்கே! யார் சொல்லிக் குடுத்தது அது?" கஸ்தூரிரங்கன் மீசையைப் பிய்த்து மேஜைமேல் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவாமலே வெளியே போனார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை நாடகம் ஒளிபரப்பானது. விடுதி ஹாலில் தரையில் உட்கார்ந்து பார்த்த நர்ஸுகள் மூக்கை உறிஞ்சினார்கள். வார்டன் இருதயம்மாள் அமலியின் நெற்றியில் முத்தமிட்டாள். தமிழர்கள் இருந்த கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் அதே பேச்சு. லட்சியக் காதல், முதிர்ந்த காதல், பேசாமலே பேசிய காதல் என்று தமிழ்ச் சங்கத்தில் ஒருவர் கூட்டம் போட்டுப் பேசினார். திங்கட்கிழமை ஜாயிண்ட் செக்ரட்டரி இருவரையும் ஒன்றாக அறைக்கு அழைத்துப் பாராட்டினார். "என்ன ஜோடி!" என்றார் ஹிந்தியில். இருவரும் மேஜையின் இரண்டு முனைகளில் நின்று தேங்க்யூ சொன்னார்கள். வராந்தாவில் திரும்பி நடக்கும்போது அவளுக்கு முன்னால் போன கஸ்தூரிரங்கன் கதவைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டார். அது அவள் தோளில் வந்து அடித்தது.

மற்றதெல்லாம் மெதுவாக நடந்தது. ரிமார்க்கை எதிர்த்து அவள் நவம்பரிலேயே எழுதிக்கொடுத்த மனு அவர் வழியாகத்தான் மேலே போக வேண்டும். தந்தி ஆபீஸ் ரசீதையும் அதோடு இணைத்திருந்தாள். மெமோவுக்குப் பதில் தர இருந்த ஆறு வாரக் கெடு முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் அவர் அதை மேலே அனுப்பியிருந்தார். தாமதமாக வந்ததென்று தள்ளுபடியானது. தகுதிகாண் காலத்தை ஒரு வருஷம் நீட்டினார்கள். அவளை வேறு செக்‌ஷனுக்கு, ஜன்னலில்லாத ஒரு அறைக்கு மாற்றினார்கள். நாடகக் குழுவில் அவர், "நானா, அவளா, சொல்லு," என்று கேட்டிருக்கிறார். ஜோதிலிங்கம் விடுதி வாசலில் வந்து நின்று, "ஹாலு, ஸ்டுடியோ பாஸு, டொனேஷன் எல்லாம் அவர் வழியாத்தாம்மா," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அமலி அன்று மட்டும் அழுதாள்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு மாலை, மந்திர் மார்க் பஸ் நிறுத்தத்தில் ஒன்பது கஜப் புடவையின் மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே அந்த ராணி?"

"ஆமா மாமி," என்றாள் அமலி. அந்தக் கேள்விக்குப் பழகியிருந்தாள்.

"நான் லீலாவதி. கஸ்தூரிரங்கன் ஆத்துக்காரி."

அமலி பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். லீலாவதி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். முன்னால் வேர்க்கடலை விற்றவனிடம் ஒரு பொட்டலம் வாங்கி, இருவருக்கும் நடுவில் பிரித்து வைத்தாள்.

"அடுத்தாத்துல போய்ப் பாத்தோம். பஞ்சாபிக்காரா. பாஷை புரியாமலே அழுதா. என்ன பிரேமை, என்ன பிரேமைன்னு." ஒரு கடலையை உடைத்தாள். "இருபத்தேழு வருஷமா நான் அந்தக் கண்ணைப் பாத்துண்டிருக்கேன். அது பிரேமையா? ஆளைக் கடிச்சுத் துப்பணும்ங்கற வெறின்னா அது. நேக்குத் தெரியாதா?"

அமலி ஒரு கடலையை எடுத்து விரல்களில் உருட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வார்த்தை எழுதியிருந்ததா? இல்லை நீ சொல்ல வெச்சியா?"

"எழுதியிருந்துது மாமி. அவங்க விட்டுட்டாங்க. நான் சும்மா நின்னேன்."

"சும்மான்னா?"

"வாயத் தொறக்காம நின்னேன்."

"எத்தனை நாழி?"

"இருபது செகண்டு இருக்கும்."

லீலாவதி உடைத்த கடலையை வாயில் போடாமல் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்வளவு போறுமா?"

"போதும்னு எப்படிச் சொல்ல? அதுக்கு வெல நான் இன்னும் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"தெரியும். உன் பேப்பர் டிராயர்ல கெடந்ததை, சாப்படறச்சே சிரிச்சுண்டே சொன்னார். நான் மோர் விட்டுண்டிருந்தேன்." அவள் குரலில் மன்னிப்போ வருத்தமோ இல்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு எதிர்ச்சாரி வெயிலைப் பார்த்தாள். "அஞ்சே முக்காலுக்கு அவர் கரோல் பாக் ஆத்துக்கு வந்துடுவார். வந்த உடனே காபி கையில இருக்கணும்."

மணி ஐந்தரை இருக்கும். ஒரு பஸ் சாய்ந்துகொண்டு வந்து நின்றது. கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "கரோல் பாக், கரோல் பாக்," என்று கத்தினான். "ஜல்தி, மாதாஜி!" என்றான் லீலாவதியைப் பார்த்து. அமலி அவளுக்கு வழிவிட எழுந்தாள். லீலாவதி தலையை நிமிர்த்தவில்லை. மடியில் விழுந்திருந்த தோல்களை விலக்கி, அடியில் இருந்த ஒரு முழுக் கடலையைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினாள். பஸ் கிளம்பியது. அதன் புகை கலைந்ததும் அவள் அடுத்ததை எடுத்தாள்.