அடக்கம் என்றைக்கு

எப்பா ஸ்வீடனிலிருந்து சலமான்கா நகரத்துக்கு உயிரியல் படிக்க வந்தவள். எவுலாலியா என்ற விதவையின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். எவுலாலியா அவளை "ஊமைக்கோட்டான்" என்றுதான் கூப்பிடுவாள்.

பனிக்காலம் தொடங்கியதும் எவுலாலியாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எப்பா வகுப்பு முடிந்து தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"நான் போனா என் பொண்ணு ரெமேடியோஸ் ஊரையே கூட்டிடுவா. அத்தனை கூச்சல்லயும் சத்தம் போடாத ஆள் ஒண்ணாவது பக்கத்துல இருக்கணும். நீ வரியாடி?"

"வரேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அடேயப்பா, கோட்டான் ரெண்டு தடவ வாயத் திறந்திருச்சு!" சிரித்ததில் இருமல் வந்தது.

புதன்கிழமை காலை ரெமேடியோஸ் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க. அஞ்சலி மண்டபத்துக்குக் கொண்டு போறோம். நாங்கல்லாம் அங்கதான் இருப்போம்."

எப்பாவின் ஊரில் துக்க வீட்டை முதல் நாட்களில் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். அடக்கத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குத்தான் எல்லோரும் போவார்கள்.

"அடக்கத்துக்குக் கண்டிப்பா வந்துடுவேன்" என்றாள்.

"சரிம்மா" என்று ரெமேடியோஸ் வைத்துவிட்டாள். எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை. சலமான்காவில் அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

மறுநாள் எப்பாவுக்குச் செய்முறைத் தேர்வு. தொலைபேசியை அணைத்துப் பையில் போட்டாள். தேர்வு முடிந்ததும் கடைக்குப் போய்க் கறுப்பு உடை ஒன்று வாங்கினாள். நல்ல துணி. எவுலாலியா தொட்டுப் பார்த்துத்தான் துணியை மதிப்பாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது நிறையப் பேர் இருந்தார்கள். சூப் வாசனை வந்தது. ரெமேடியோஸின் குரல் கம்மிப் போயிருந்தது.

எப்பா தயங்கிக் கேட்டாள். "அடக்கம் என்னைக்கு அக்கா?"

எதிர்வீட்டு பெனிக்னோ கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னைக்கா? மத்தியானமே முடிஞ்சுதே, பொண்ணு. இங்க எப்பவும் மறுநாளே அடக்கம் பண்ணிடுவோம்ல."

"எங்க ஊர்ல... மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரமா? அதுவரைக்கும் எங்க வைப்பீங்க, ஐஸ்பெட்டியிலயா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ரெமேடியோஸ் சிரிக்கவில்லை.

"உனக்கு எத்தன தடவ போன் போட்டேன் தெரியுமா? பெட்டிய கல்லறைச் சுவர் மாடத்துக்குள்ள தள்ளியாச்சு. நீ வருவேன்னு கொத்தனார நிறுத்தி வெச்சேன். 'ஒரு பொண்ணு வரணும், அம்மா கேட்டிருக்காங்க'ன்னேன். பாவம், அவரும் சாந்துக் கரண்டியோட நின்னாரு. அடுத்த பெட்டி வந்துருச்சு. அப்புறம் என்ன பண்றது, அடைக்கச் சொல்லிட்டேன்."

எப்பா கடைப் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். ரெமேடியோஸ் ஒரு கிண்ணத்தில் சூப் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். "உக்காரு. ஆறிடும்."

வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் குடித்தாள்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். சுவரில் மாடங்கள் அடுக்கடுக்காக இருந்தன. பெயர்க்கல் வைக்க இன்னும் நாளாகும். புதிதாக அடைத்தவை இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். இரண்டிலும் சிமெண்ட் ஈரத்தில் கருத்திருந்தது. இரண்டின் கீழும் மலர்வளையங்கள். நாடாக்களில் ஒரே வாசகம்: 'உன் பிள்ளைகள் உன்னை மறக்கமாட்டார்கள்.'

காவலாளி தூரத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் எது எவுலாலியாவின் மாடம் என்று கேட்க எப்பாவுக்கு வாய் வரவில்லை.

இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.