செவலையின் வாயில் இருந்த புல்

மண்ணூர் சந்திரம்மாளின் செவலைப் பசு ஆறு வருடமாக ஒரே வாய்ப் புல்லை அசைபோட்டுக்கொண்டிருந்தது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வேறு தீவனம் வைத்தால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடம்பு இளைக்கவில்லை, பாலும் குறையவில்லை. முதலில் ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்டு முடிந்து வரும் பையன்கள் பைக்கை நிறுத்திப் படம் பிடித்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிப்போயிற்று.

அது கொழுக்கட்டைப் புல், செவலை கடைசியாக வெளியே மேய்ந்த நாளில் கடித்தது. அதிலும் மண்ணூர் மேய்ச்சல் நிலத்தில் மட்டும் விளைந்த, தண்டு சிவந்த ரகம். அங்கே உதிரிபாகத் தொழிற்சாலை வரப்போகிறது என்று தெரிந்ததும், விதை வங்கியிலிருந்து ஆறுமுகநயினார் விதை எடுக்க வந்தார். திருநெல்வேலிக்காரர், குன்றத்தூரில் வாடகைக்கு இருப்பவர், தொழிலில் கெட்டிக்காரர் என்று பெயர். அன்றைக்குப் பார்த்துத் துணிப்பையை மறந்துவிட்டார். தூறலில் நனைந்த கதிர்களை உருவி, பிரியாணி வாங்கிய பிளாஸ்டிக் கவரில் திணித்து முடிச்சுப் போட்டார். ஈர விதையைக் காற்றில்லாமல் கட்டக்கூடாது என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். சொந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கவர் பைக் பெட்டியிலேயே கிடந்தது. திரும்பி வந்து பிரித்தால் எல்லாம் பூசணம். மண்ணூருக்கு ஓடினார். நிலத்தை ஜேசிபி புரட்டிப் போட்டிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. வெறும் பொட்டலத்தை ஒட்டி, எண் போட்டுக் குளிர் அறையில் வைத்தார். விதையைப் பெருக்கி ஒரு பங்கு திருப்பித் தருவதாகச் சந்திரம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவள் ஏரியோரத்துத் துண்டு நிலத்தை விற்காமல், புரோக்கர்களை வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டீ போட்டுக் கொடுப்பாள்.

"நம்ம புல்லு பத்திரமா கீதுல்ல சார்?"

"பத்திரமா இருக்குக்கா."

பாலில் புல் வாசம் வரும். வெட்கமாக இருக்கும், ஆனாலும் அடுத்த மாதமும் போவார். போகாமல் இருப்பது அதைவிடப் பெரிய பொய்யாகத் தோன்றியது.

ஆறாவது வருடம் அவளுடைய மகன் டில்லிபாபுவே நிலத்தை விற்றுவிடலாம் என்று சண்டை போட்டான். "சார் விதை தருவாரு," என்று அவள் அவனிடம் சொன்னதை ஆறுமுகநயினார் காதால் கேட்டார். அதற்குமேல் தாங்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டார்.

சந்திரம்மாள் டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "இத்தினி வருசமா என் வூட்டு டீய குடிச்சிக்கினேயா பொய் சொன்ன?"

"பசு வாயில இருக்கதையாவது குடுங்கக்கா. எப்படியும் முளைக்க வச்சிருதேன்." கையை நீட்டினார். செவலை அசைபோடுவதை நிறுத்தி வாயை இறுக மூடிக்கொண்டது.

"உன்கிட்ட குடுத்து இன்னா ஆவப்போவுது? அது வாயிலயே இருக்கட்டும்."

அலுவலகத்திலும் சொன்னார், திட்டு வாங்கினார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அந்த ரகத்தில் மிச்சம் இருந்தது செவலையின் வாயில்தான், வேறு வழியில்லை. வெறும் பொட்டலத்தின் எண்ணை ஒரு தகட்டில் அடித்துச் செவலையின் கழுத்தில் தொங்கவிட்டார்கள். இப்போது ஆய்வுக்கு வருகிறவர்கள் குளிர் அறையை முடித்துக்கொண்டு மண்ணூருக்கும் வருகிறார்கள். செவலை வாயைத் திறந்து காட்டும். புல் இன்னும் பச்சையாகவே இருக்கும். சந்திரம்மாள் ஏரியோரத்து நிலத்தை உழுது வைத்திருக்கிறாள். ஆறுமுகநயினார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மாட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறார். அவர் போகும்வரை செவலை வாயைத் திறப்பதில்லை.