மார்ச் பதினொன்றாம் தேதி முத்திரை

அழைப்பு மணி விடாமல் அலறியது. யாரோ பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனார்கள். தபால்தலை எடுக்கும் சாமணத்தைக் கையிலிருந்து போட்டுவிட்டு ஓடினேன்.

வாசலில் ஓர் அம்மாள். எழுபது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை.

"மூணாவது குறுக்குத் தெரு, இருபத்தேழு, மாடி. கண்ணாடிக் கடைக்காரர் வீடுதானே?"

"ஆமா. நீங்க?"

"உங்க உறைக்கெல்லாம் முத்திரை குத்தி அனுப்பினவ. தீவு தபாலாபீஸ். விலாசம் மனப்பாடம் ஆயிடுச்சு."

எந்தத் தீவு என்பதையும் சொன்னார். நாற்பதே வீடுகள் உள்ள தீவு அது. வாரத்துக்கு இரண்டு படகு. என் விலாசத்தை நானே எழுதி, தபால்தலை ஒட்டி, அந்த உறையை இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்புவேன். 'தெளிவாக முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பவும்' என்று ஒரு சீட்டும் இருக்கும். இப்படி முப்பத்தொரு தீவுகளின் முத்திரைகளைச் சேர்த்திருக்கிறேன். உறை திரும்பி வரும் நாளில், கண் பரிசோதனைக்கு வந்தவர்களைப் பாதியில் உட்கார வைத்துவிட்டு, லென்ஸை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவேன்.

"உள்ள வாங்கக்கா," என்றாள் என் மனைவி. "இவர் தனக்குத்தானே லெட்டர் போட்டுக்கிற ஆளு. இத்தனை வருஷத்துல கேள்வி கேக்க ஒருத்தராவது வந்தீங்களே."

அந்த அம்மாள் சிரித்தார். தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"போன மாசம் ஆபீஸை மூடிட்டாங்க தம்பி. முத்திரை, ரிஜிஸ்டர் எல்லாத்தையும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எனக்கு முன்னாடி என் வீட்டுக்காரர்தான் போஸ்ட்மாஸ்டர். அவர் கடைசியா முத்திரை குத்தினது ஒரு மார்ச் பதினொண்ணு. அன்னைக்குத் தீவுலேர்ந்து போனது ஒரே ஒரு தபால்தான். உங்களுது. மத்தியானப் படகுல அது போச்சு, சாயந்தரம் அவர் போயிட்டார். அதை ஒரு தடவை பார்த்துட்டுக் கிளம்பிடறேன்."

ஆல்பத்தைக் கொண்டுவந்து வைத்தேன். கண்ணாடித்தாளின் மேல் விரலை ஓட்டியபடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"செப்டம்பர். இது அவர் குத்தினது. அடுத்தது ஏப்ரல் ரெண்டு. இது நான். நடுவுல உள்ளது எங்கே தம்பி?"

எனக்கு நினைவு வந்துவிட்டது. அது கலங்கிப்போன முத்திரை. ஆல்பத்தில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. போதாததற்கு, 'முத்திரை குத்தக்கூடத் தெரியாதா?' என்று ஒரு சீட்டில் எழுதி, இன்னொரு உறையோடு அனுப்பினேன். அந்த ஏப்ரல் உறை அதற்கு வந்த பதில்.

"அந்தச் சீட்டு..." என்று இழுத்தேன்.

"வந்துச்சு. நான்தான் பிரிச்சேன்," என்றார். ஆல்பத்தை மூடி வைத்தார்.

சமையலறைப் பக்கம் திரும்பினேன். "கழிச்சுப் போட்ட உறையெல்லாம் என்ன பண்ணினே?"

"குப்பைன்னு நீங்கதானே தூக்கிக் குடுத்தீங்க? பின்பக்கம் வீணாப் போகுதேன்னு சாமான் லிஸ்ட் எழுதிக்கிட்டேன்."

"எழுதி?"

"சிலது மளிகைக் கடைக்காரர்கிட்டயே போயிருக்கும். மீதி இழுப்பறையில கிடக்கும்."

இழுப்பறையை அப்படியே மேஜைமேல் கவிழ்த்தோம். நூல்கண்டு, சாவிகள், நின்றுபோன கைக்கடிகாரம், நடுவே உறைகள். மூவருமாகத் தேடினோம். சிறிது நேரத்தில் மனைவியின் கை மெதுவானது.

"காய்ச்சல் மருந்து, பென்சில் டப்பா ரெண்டு," என்று படித்தாள். "ரெண்டு வாங்கலேன்னா அடிச்சுக்குவாளுங்க." எங்கள் பெண்கள் இருவரும் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். அவள் அந்த உறையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள்.

பதினைந்தாவதோ பதினாறாவதோ உறை அது. பின்பக்கம் 'உப்பு, சோப்பு, சின்னவளுக்கு ரிப்பன்.' திருப்பினால், ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் நழுவி விழுந்திருந்தது. ஒரு பக்கம் மை அப்பிக் கிடந்தது. பதினொன்று என்பதை மட்டும் படிக்க முடிந்தது.

"மன்னிச்சுடுங்கக்கா. பார்க்கிற மாதிரி கூட இல்லை," என்று நீட்டினேன்.

அந்த அம்மாள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு வட்டங்களையும் விரலால் தொட்டார்.

"அவருக்குக் கை நடுங்கும் தம்பி. வெளியே தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு, அன்னைக்கு அவர் கைமேல என் கையை வச்சு அழுத்தினேன். இது எங்க ரெண்டு பேர் கையும்."