யாருக்குச் சொல்ல வேண்டும்

செத்தவர்கள் போக சகீனாவுக்குப் பதினோரு தம்பிகள் மிச்சம். ஒருவன்கூட அவள் தாய் வயிற்றில் பிறந்தவன் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் மதராஸில் அவள் ஏறிய அதே கப்பலில் ஏறி பிஜியில் வந்து இறங்கியவர்கள். ஒரே கப்பலில் வந்தவர்களை இங்கே ஜகாஜி என்பார்கள். அது கூடப் பிறந்த உறவுக்கு ஒரு படி மேல். ஜகாஜிக்குள் கட்டிக்கொள்ளக் கூடாது, கைவிடவும் கூடாது. இரண்டாவது சட்டத்தைப் போட்ட புண்ணியவான் கையில் கிடைத்தால் அவன் தலையில் ஒரு கெட்டில் வெந்நீரைக் கவிழ்க்க அவள் தயாராக இருந்தாள்.

நவுவா ஆற்றங்கரையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவள் டீக்கடை. கிர்மிட்டு என்ற தோட்டக்கூலி ஒப்பந்தம் முடிந்ததும் ஆளுக்கொரு மூலையில் நெல் போட்டும் மாடு வளர்த்தும் ஒண்டிக்கட்டையாகக் கிடந்தவர்களுக்கு ஊரில் தெரிந்த ஒரே வீடு அதுதான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்பார்களாம். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கிளிப்பிள்ளை மாதிரி, "சகீனா, எங்க அக்கா, டீக்கடை" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

ஆகவே ஆஸ்பத்திரி ஆள் சைக்கிளில் வந்து கடை வாசலில் கால் ஊன்றும்போதெல்லாம் அவள் கெட்டிலை இறக்கி வைத்துவிடுவாள்.

"அம்மா, உங்க தம்பி போயிட்டாரு."

"எந்தத் தம்பிப்பா?"

கேலிக்காகக் கேட்டதில்லை. தெரிந்தால்தானே மேலே காரியம் பார்க்க முடியும்? இந்துவானால் ஊர்ச் சங்கத்து ஆட்களை விறகுக்கு அனுப்ப வேண்டும், கத்தோலிக்கனானால் பாதிரியாருக்கு ஆள் விட வேண்டும், முஸ்லிமானால் ஜமாத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் செத்தவன் குடிசைக்குப் போய் அவன் கோழிகளை யாரிடமாவது ஒப்படைத்து, பானையைக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். புருஷன் உசேன் இருந்தவரை பாதி நடையை அவர் நடந்தார். அவர் போன பிறகு முழு நடையும் அவளுடையது. அறுபது வயதில் முழங்கால் இரண்டும் ஒத்துழையாமை செய்ய ஆரம்பித்திருந்தன.

லவுத்தோக்காவில் மகள் சபியா இருக்கிறாள். மருமகன் அன்வருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. வந்துவிடு, வந்துவிடு என்று மூன்று வருஷமாக மகள் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் பெட்டியை இறக்கினால் ஒரு தம்பிக்கு இருமல் வரும். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் சகீனாவுக்கு வாழ்க்கையே சலித்துப் போயிருந்தது.

அந்த வருஷம்தான் சங்கம் ஒரு புத்தகம் போட்டது. முந்தின மழையில் படகிலிருந்து விழுந்து செத்துப்போன ஒரு கிழவருக்கு உறவு யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பா என்ற ஊரிலிருந்த அண்ணனுக்குச் சேதி போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்த அண்ணன் சங்கத்து வாசலில் உட்கார்ந்து அழுத அழுகையைப் பார்த்துத்தான் புத்தகம் போடுவது என்று முடிவானது. பள்ளிக்கூட வாத்தியாரும் சங்கத்தின் காரியதரிசியுமான நரேந்திரா அதற்குப் பொறுப்பு. பெயர், இருப்பிடம், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று கட்டம். எழுதி முடித்ததும் ஆஸ்பத்திரிக்கு ஒரு நகல்.

விஷயம் காதில் விழுந்ததும் சகீனாவுக்கு விடிந்தது போல இருந்தது. ஆஸ்பத்திரியின் பழைய ஏட்டில் இருந்த தன் பெயர் புதிய ஏட்டில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். பதினோரு பேருக்கும் வேறு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏறிவிடலாம்.

மூன்று வாரம் வரப்பு வரப்பாக நடந்தாள். கல்யாணத் தரகு தோற்றுப்போகும். ஒருவனுக்கு ஒருவனைச் சொல்ல வைப்பது என்று திட்டம். வேலித் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பெர்சிவலையும் அப்பாசாமியையும் ஒரே பாயில் உட்கார வைத்து இந்த ஊர்ப் போதை வேரான யங்கோனாவைக் கரைத்துக் கொடுத்தாள்.

"நான் செத்தா இவன் வந்து சிரிப்பான்கா" என்றார் பெர்சிவல்.

"சிரிக்கட்டும். வருவானில்ல?"

அப்படியே ஐந்து ஜோடி சேர்ந்தது. மிஞ்சியவன் அப்பலசாமி ஒருவன்தான். அறுபதைத் தொடப்போகிறவன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாலு மாடும் தானுமாக இருப்பவன், பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைப்பவன். அவன் வீட்டுக்கு மூன்று முறை போனாள். மூன்று முறையும் டம்ளரில் பால் கொடுத்தானே தவிர, ஒரு பெயரும் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேஜை போட்டு நரேந்திரா எழுதிக்கொண்டிருந்தான். அவன் இங்கேயே பிறந்தவன். பாதித் தமிழும் பாதி பிஜி இந்தியுமாகப் பேசுவான். சகீனா பக்கத்து நாற்காலியில் காவல் உட்கார்ந்திருந்தாள். பத்துப் பேரும் வந்தார்கள், சொல்லிக் கொடுத்த பெயரைச் சொன்னார்கள், போனார்கள். கடைசியாக, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அப்பலசாமி வந்தான்.

"யார் பேரு போடணும், காகா?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டான் நரேந்திரா.

"சகீனா. எங்க அக்கா."

"போடாதே!" சகீனா எழுந்தே விட்டாள். "நான் நாளைக்குப் போறேன்டா. அன்னைக்கே சொன்னேனில்ல? வேற யாரையாச்சும் சொல்லு."

"வேற யாரும் இல்ல."

"பெர்சிவல் இருக்கான்."

"அவன் அப்பாசாமிக்கு."

"ரெண்டு பேருக்கு இருந்தா என்ன, குறைஞ்சா போயிடுவான்?"

அப்பலசாமி தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான். சகீனாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை பேரைக் கரை சேர்த்தாயிற்று, இந்த ஒருவன் குறுக்கே கல்லாக நிற்கிறானே என்று அழுகையும் வந்தது.

"எனக்கு முடியலடா. புரியுதா? கால் முடியல, மனசு முடியல. எத்தனை பேர் சாவுச் சேதியைத்தான் நான் கேட்டுக்குறது? சைக்கிள் மணி அடிச்சா எனக்குத் தூக்கிவாரிப் போடுது. என்னை விட்டுடுங்களேன்."

அப்பலசாமி தலையைத் திருப்பாமல் சொன்னான்: "முதல்ல உன் வரியில என் பேரை அடி. அப்புறம் உன் பேரை நான் அடிக்கிறேன்."

"என் வரியா?"

நரேந்திரா ஆஸ்பத்திரியிலிருந்து பார்த்து எழுதி வந்திருந்த பழைய தாள்களைப் புரட்டினான். "அச்சா, இருக்கு சகீனாம்மா. எட்டு வருஷத்துக்கு முந்தி. சகீனா, டீக்கடை. சொல்ல வேண்டியது அப்பலசாமி, தம்பி."

அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்பு விஷக் காய்ச்சலில் கிடந்தாள். சபியாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, முழுகாமல் வேறு இருந்தாள். அவளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று, கேட்டவர்களிடம் வாயில் வந்த பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஆற்றில் வெள்ளம் போன நேரம். அந்த வெள்ளத்தில் அவன் எப்படி இக்கரைக்கு வந்தானோ தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் விட்டு அவள் வெளியே வந்தபோது, "கூப்பிட்டாங்க, வந்தேன்" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான். யார் கூப்பிட்டார்கள், எதற்கு என்று அவள் கேட்கக்கூட இல்லை.

அக்கா அக்கா என்று எல்லோரும் தன்மேல் ஏறிக்கொண்டதாகத்தான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். தானும் ஒருவன் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது மறந்தே போயிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நரேந்திரா பேனாவை மையில் தொட்டு எடுத்தான். "உங்க வரியில மகள் பேரைப் போட்டுடறேன். லவுத்தோக்காவுக்கே போறீங்க, அதுதான் சரி. காகா பேரை அடிச்சிடவா?"

"அவனை ஏன் அடிக்கிறே? என் வரியில ரெண்டு பேரையும் எழுது. அவன் வரியில என் பேரைப் போட்டு, லவுத்தோக்கா விலாசம் எழுது."

"சகீனாம்மா, லவுத்தோக்காவிலிருந்து பஸ்ஸில வர ஒரு நாள் ஆகும். தந்தி கிடைச்சு நீங்க வந்து சேர்றதுக்குள்ள இங்கே எல்லாம் முடிஞ்சிடும். உங்களுக்கு ஒண்ணுன்னாலும் காகா போய்ச் சேர முடியாது. சீக்கிரம் வரத்தானே இந்தப் புஸ்தகம்?"

"தூக்குறதுக்கு இங்கே ஆளு இருக்கு, அங்கேயும் இருக்கும்" என்றாள் சகீனா. "அங்கே எனக்கு அழறவங்க எல்லாம் ஒரு கிழவிக்காக அழுவாங்க. கப்பல்ல இருபது வயசுல வாந்தி எடுத்துக்கிட்டு நின்னவளுக்கு அழ இவன்தான் இருக்கான். அவன் வர வேணாம். தெரிஞ்சா போதும்."

"நான் வருவேன்" என்றான் அப்பலசாமி.

"மாட்டை எவன் பார்ப்பான்?"

நரேந்திரா இரண்டு வரியையும் எழுதி மை காயட்டும் என்று ஊதினான். அப்பலசாமி குனிந்து, படிக்கத் தெரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தானே தந்தி வரும்கா" என்றான்.

"ஆமா. ஒருத்தருக்குத்தான்."

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். நல்ல அக்காவாக இருந்தால், அந்தத் துக்கம் எனக்கே வரட்டும், அவனுக்கு வேண்டாம் என்று கேட்டிருக்க வேண்டும். சகீனா அப்படிக் கேட்கவில்லை. நாற்பது வருஷமாகச் சாவுச் சேதியாக நான் கேட்டாயிற்று ஆண்டவனே, என் சேதி ஒன்றை மட்டும் அவன் கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.