வாசலோடு நின்ற அளவு

அந்தக் கிளினிக்கில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்ப்பவனுக்கு ‘மில்லி’ என்று பட்டப்பெயர். டீ ஆறிவிட்டது என்றால்கூட எத்தனை மில்லிசெகண்டில் ஆறியது என்று கேட்பானாம். மவுசைத் தொடுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். கறுப்புத் திரையைத் திறந்து நாலு கட்டளை தட்டினால்தான் சாப்பிட்டது செரிக்கும்.

வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். பெயர் பதிய வெப்சைட்டைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். வரிசை படிக்கட்டுவரை நின்றது. பெரிய டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. மாடியில் எல்லோரையும் உட்காரவைத்து, “சைட் ஸ்லோவா, இல்ல ஆள் ஸ்லோவா? அத மட்டும் சொல்லு” என்று மில்லியைக் கேட்டார். ஆள்தான் என்றால் அந்த மேசைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார். அது அக்காவுக்கும் தெரியும். கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மில்லி சுவர்த் திரையில் தன் கட்டளையை ஓட்டினான். சைட்டின் முகவரியைக் கொடுத்தால் போதும். அது போய்ப் பக்கத்தைக் கேட்கும், வந்த பக்கத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு, வர எவ்வளவு நேரம் ஆனது என்பதை மட்டும் காட்டும். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினான். ஒருமுறைகூட நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

“சைட் பறக்குது அக்கா. உங்க விரல்தான் நடக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “இல்ல தம்பி, நெசமாவே சுத்துது...” என்று அக்கா ஆரம்பித்தது யார் காதிலும் விழவில்லை. அடுத்த வாரம் புது ஆள் வருவதாக முடிவாயிற்று. நம்பரோடு யார் சண்டை போட முடியும்?

மறுநாள் காலை, டாக்டருக்கு அறிக்கை அனுப்புவதற்காக மறுபடி ஓட்டினான். ஜெயித்த உற்சாகத்தில், பக்கத்தைக் குப்பையில் கொட்டும் பகுதியைத் தட்ட மறந்துபோனான். வந்த பக்கம் அப்படியே திரையில் விழுந்தது. பக்கமா அது? ஒரே வரி. இந்த முகவரி மாறிவிட்டது, புது முகவரிக்குப் போகவும்.

மில்லிக்குக் காது சூடேறியது. பிரவுசர் என்றால் அந்த வரியைப் படித்துவிட்டுத் தானே புது முகவரிக்கு ஓடும். அவன் கட்டளை ஓடாது, அதற்கென்று ஓர் எழுத்தைச் சேர்த்தால்தான் போகும். அவன் சேர்க்கவில்லை. “இங்க இல்ல, அந்த வீடு” என்று வாட்ச்மேன் கைகாட்டிய வேகத்தை அளந்துவிட்டு, வீட்டுக்காரர் கதவைத் திறந்த வேகம் இதுதான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறான்.

அந்த எழுத்தைச் சேர்த்து ஓட்டினான். திரை சும்மா இருந்தது. தண்ணீர் குடித்து, பாட்டிலை மூடி வைத்தான். அப்புறம்தான் பதில் வந்தது. பதினோரு நொடி.

வெட்கமாக இருந்தது. அளக்கத் தெரியாததுகூடப் பரவாயில்லை. அளந்துவிட்ட திமிரில் ஒரு மனுஷியின் விரலைக் கிண்டல் செய்தானே, அதுதான் உறுத்தியது. ஆனாலும் புத்தி எங்கே போகிறது பாருங்கள். சத்தமில்லாமல் சைட்டைச் சரிசெய்துவிடலாம், அக்காவிடம் மட்டும் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், மானமும் தப்பும் என்று கணக்குப் போட்டபடியே கீழே இறங்கினான்.

வரிசையின் முன்னால் நின்ற பெரியவர், “என்னம்மா, இன்னிக்கும் மெஷின் படுத்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்குங்க. எனக்குத்தான் கை வேகம் பத்தல. கொஞ்சம் பொறுத்துக்கோங்க” என்றார் அக்கா. அவர் எதிரில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

மில்லியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இத்தனை நாளில் அவனுக்காக அவர் எழுந்ததே இல்லை.

“சார், நேத்து வீட்டுக்குப் போனதும் மக லேப்டாப்புல டைப் அடிச்சுப் பழகினேன். இன்னும் வேகம் வரல சார். கொஞ்ச நாள் டைம் குடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கறீங்களா?”

தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் சார் என்கிறார். மில்லிக்குத் தலை நிமிரவில்லை.

“அக்கா, சைட்டுதான் ஸ்லோ. நான்தான் தப்பா அளந்துட்டேன். உங்க மேல தப்பு ஒண்ணுமே இல்ல.” பக்கத்தில் நின்ற பெரியவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னான்.

அக்கா அவனையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. அவர் உட்கார்ந்து கீபோர்டை நேராக வைத்தார்.

“சிரிச்சவங்க எல்லாம் மாடியில இருக்காங்க சார்.”

மில்லி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு படியேறினான். டாக்டர் அறைக்குள் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினான்.

“எல்லாரையும் கூப்பிடுங்க டாக்டர்” என்றான். “நேத்து இருந்த அத்தனை பேரையும். கீழேருந்து அக்காவையும்.”