தப்பு சொல்லும் சனிக்கிழமை

டெஸ்டிங் மேடையில் மோட்டார்கள் கருகிக் கிடந்தன. வார்னிஷ் தீய்ந்த நாற்றம் வைண்டிங் செக்‌ஷன் வரைக்கும் வந்து, அங்கே மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பெண்களின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர் நிலோஃபர் நேராக அவர்களில் ஒருத்தியான கனகத்தின் முன்னால் போய் நின்றாள்.

"கம்பி மாறுதுன்னு காலையிலயே சொன்னேன்லக்கா? இனிமே தடிச்ச கம்பின்னு?"

கனகம் காயிலிலிருந்து கையை எடுத்தாள். நிலோஃபரின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சொல்லியிருப்பீங்க அம்மணி. எனக்குத்தான் நெனப்பில்லாம போச்சாட்ட இருக்குது."

பக்கத்து மேசைக் கோமளா எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

கம்பி மாறுவதை நிலோஃபர் சொல்லவே இல்லை. அன்றைக்குக் காலைக் கூட்டத்துக்கே அவள் இறங்கி வரவில்லை. மாடியில் உட்கார்ந்து, நிறுவனத்துக்குள் அறிவைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று முதலாளிகளுக்குக் காட்டப்போகும் ஸ்லைடுகளுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தாள். கேள்வி வாயை விட்டுப் போன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. அப்போதே நாக்கைத் திருப்பியிருக்கலாம். ஆனால் கனகம் சிரித்துவிட்டாளே. அந்தச் சிரிப்பு விரித்துப்போட்ட பாயில் நிலோஃபர் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமைக் கூட்டம் முதலாளி மகன் கவின் தொடங்கியது. வெளியூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்தவன். டீ நேரத்தில் எல்லாரும் கேன்டீனில் கூட வேண்டும். யாராவது ஒருவர் எழுந்து, தான் செய்த தப்பையும் அதில் கற்றுக்கொண்டதையும் சொல்ல வேண்டும். சொன்னவர் மேல் நடவடிக்கை கிடையாது. யோசனை நல்லதுதான். நடத்தும் பொறுப்பு நிலோஃபருக்கு. ஆனால், நம் காலை ஒருவன் மிதித்தால் "பரவால்லீங்க, எங்காலுதான் குறுக்க வந்துபோச்சு" என்று நாமே மன்னிப்புக் கேட்கும் ஊரில் யார் எழுந்து என்ன சொல்வார்கள்? வாரா வாரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவளே நின்றாள். டீ ஆறியது, வடை தீர்ந்தது. "இது வடைக் கூட்டமுங்க, பேச்சு சும்மா தொட்டுக்கத்தான்" என்று ஸ்டோர்ஸ் சீனிவாசலு சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

அதனால்தான் அந்த வாரம் கனகத்தைத் தேடிப் போனாள். "கம்பி விஷயத்த ரெண்டு வார்த்த சொல்லுங்கக்கா. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்." கோட்டைமேட்டில் அத்தா தையல் மெஷினை மிதித்து மிதித்துப் படிக்க வைத்த பெண் அவள், குடும்பத்தில் முதல் பட்டதாரி. எவன் முன்னாலும் பட்டென்று பேசிவிடுகிறவள் என்று பேர் வேறு. அந்த வாயால்தான் இதையும் கேட்டாள்.

கனகம் சொன்னாள். மைக்கை உதட்டில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, தன் ஞாபகமறதியால்தான் மோட்டார் எரிந்தது என்று சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். கவின் படம் எடுத்து, என்ன சொன்னாள் என்பதையும் எழுதி, கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டான். சில நாளிலேயே, மோட்டார் வாங்கும் கம்பெனியிலிருந்து வந்த ஆள் அந்தப் படத்தைத் தன் போனில் எடுத்து நீட்டினான். "எங்க ஆர்டர்ல இந்தம்மா கை படக்கூடாது" என்றான். கனகத்தைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

நிலோஃபர் கதவைத் தட்டாமல் கவினின் அறைக்குள் நுழைந்தாள். "நடவடிக்கை இல்லைன்னு சொன்னீங்கல்ல சார். அப்ப இது என்ன?"

"நடவடிக்கை இல்லீங்க நிலோஃபர், மாத்தந்தானுங்க." அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிந்தது. "அவங்க தப்புத்தான்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்களே. நான் என்னங்க பண்ணட்டும்?"

அங்கே சொல்லியிருக்கலாம். வேலை போனால் அத்தா என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டாள். வேலையெல்லாம் போகாது, பேர்தான் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். "சரிங்க சார்" என்று வெளியே வந்துவிட்டாள். படியிறங்கும்போது கவினைத் திட்டினாள், போனை நீட்டியவனைத் திட்டினாள், வாயை மூடிக்கொண்ட கோமளாவைத் திட்டினாள், எதற்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத இந்த ஊரையே திட்டினாள். கீழே வருவதற்குள் திட்ட ஆள் தீர்ந்துபோனது.

கனகம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். ரோலில் டேப்பின் நுனி அகப்படாமல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் சொல்லலதான? உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்னங்க? நீங்க கீழயே வர்லியே."

"அப்பறம் ஏன்க்கா..."

"அத்தன பேரு முன்னால வந்து நின்னு, சொன்னேன்லன்னு கேக்கறீங்க. இல்லீங்கன்னு சொன்னா உங்க மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெப்பீங்க? செரி, பின்னால தனியா வந்து ஒரு வார்த்த பேசுவீங்கன்னு பாத்தேன். வந்தீங்க. மைக்குல பேசுங்கக்கான்னு வந்தீங்க." கனகம் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தள்ளிக்கங்க அம்மணி. லாரி நிக்குது."

அந்தச் சனிக்கிழமை கேன்டீன் நிறைந்திருந்தது. "இன்னைக்கு யாருங்க?" என்று கவின் கேட்டான். வழக்கம்போல எல்லாரும் டம்ளருக்குள் பார்த்தார்கள்.

நிலோஃபர் எழுந்து மைக்கை வாங்கினாள். "நான் சொல்றேன். கனகக்கா வந்துரட்டும்."

லோடு ஏற்றும் நாளில் பேக்கிங் ஆட்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. யாரும் சொல்லாமலே கோமளா எழுந்து போனாள். ஜன்னல் வழியாக முற்றம் முழுக்க எல்லாருக்கும் தெரிந்தது. கோமளா வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கனகம் குனிந்தபடியே கேட்டாள். நிமிர்ந்து கேன்டீன் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். இல்லை என்று தலையசைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் தன் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோமளா தனியாகத் திரும்பி நடந்து வந்தாள்.

கேன்டீனில் ஒருவரும் டம்ளரை எடுக்கவில்லை. கையிலிருந்த மைக் ஆன் செய்தபடியே இருந்தது. சுவரில் மாட்டிய ஸ்பீக்கர்களிலெல்லாம் நிலோஃபரின் மூச்சு பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.