ஆரபியின் பாவாடையில் மூன்று மடிப்பு

எனக்கு நார்வேயும் ஒன்றுதான், நாகூரும் ஒன்றுதான். எந்த ஊர்ப் பிள்ளையானாலும் தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து கணுக்கால் என்றுதான் அளவெடுக்க வேண்டும். ஷார்ஜா முவைலாவில் ஒரு டெய்லர் கடையில் பதினோரு வருஷமாக மெஷின் மிதிக்கிறேன். ஸ்கூல் யூனிஃபார்ம், அபாயா, பிளவுஸ் இவைதான் வரும். நார்வே நாட்டு உடுப்பு தைத்துத் தரச் சொல்லி யாரும் வந்ததில்லை, போன ஏப்ரல் வரைக்கும்.

வந்தது நளினி, ஒன்பது வயது மகள் ஆரபியோடு. நளினியின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து நார்வேயின் வடகோடிக்குப் போய், மீன் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நளினி பிறந்தது அங்கே. ஆரபி பிறந்ததும் அங்கேதான். புருஷனுக்குத் துபாயில் கப்பல் கம்பெனி வேலை என்பதால் இங்கே குடித்தனம்.

மே பதினேழு அவர்களுக்குத் தேசிய நாளாம். இங்கிருக்கும் நார்வேக் குடும்பங்கள் துபாயில் ஒரு ஸ்கூல் மைதானத்தில் கூடுவார்கள். பட்டாளம், பீரங்கி எதுவும் கிடையாது. பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவதுதான் விசேஷம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி உடுப்பு உண்டு, பூவேலையைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம் என்றாள் நளினி. போன வருஷம் ஆரபி சாதாரண கவுனில் போயிருக்கிறாள். நீ எந்த ஊர் என்று ஒரு சிறுமி கேட்க, வடக்கு என்றிருக்கிறாள். அப்படியென்றால் உடுப்பு எங்கே என்று அது கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து இனிமேல் ஊர்வலத்துக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

“உடுப்பில்லாட்டி இந்த முறையும் போகமாட்டாள், நானா. பிறகு ஒருக்காலும் போகமாட்டாள்” என்றாள் நளினி. என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

அங்கிருந்து வரவழைத்தால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அவளிடம் இருந்தது மொபைலில் ஒரு போட்டோ, அதிலும் மார்புப் பக்கம் மங்கல். அபாயாவில் கல் பதிக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று வாய்க்கொழுப்பாகச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். தெரியாத பூவை, மொபைலில் தேடிக் கிடைத்த இன்னொரு நார்வே உடுப்பிலிருந்து எடுத்துப் போட்டேன். அழகாகவே வந்தது. நானே இரண்டு தடவை தூக்கிப் பார்த்துக்கொண்டேன்.

நளினிக்குப் பிடிக்காதது ஒன்றுதான். பாவாடையின் அடியில் உள்பக்கமாக மூன்று மடிப்பு வைத்துத் தைத்திருந்தேன், பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட. போட்டோவில் அப்படியொன்றும் இல்லையே, எடுத்துவிடுங்கள் என்றாள். முடியாது என்றேன். நான் லீவில் முதல் தடவை கீழக்கரைக்குப் போனபோது, மகள் ஃபஸ்னாவுக்குப் பழைய அளவில் தைத்துக் கொண்டுபோன கவுனுக்குள் அவள் தலையே நுழையவில்லை. அன்றிலிருந்து மடிப்பில்லாமல் பிள்ளைத் துணி தைப்பதில்லை. இதைச் சொன்னதும் நளினி விட்டுவிட்டாள்.

மே பதினேழு ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அன்றைக்கு இடுப்புக் கொக்கி இழுக்கிறது என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மைதானத்தில் வைத்தே சரிசெய்து கொடுத்தேன். வெயிலென்றால் வெயில். அதில் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் கம்பளி உடுப்பில் நிற்கின்றன. ஆரபி கொடியோடு போய் வரிசையில் நின்றாள்.

போன வருஷம் கேட்ட அதே சிறுமி ஆரபியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பாவாடை வடக்கு, பூ மேற்கு என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னது. ஆரபி கொடியை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அவமானமாகிவிட்டது. தப்பு செய்தது நான், தலைகுனிந்தது அந்தப் பிள்ளை. வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த இங்கெர் என்ற பெண்ணிடம் போய், பூ என் தவறு, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன்.

இங்கெர் கார் வரைக்கும் வந்தாள். பூவைப் பார்த்தாள். குனிந்து ஆரபியின் பாவாடை ஓரத்தைத் திருப்பினாள். மூன்று மடிப்பையும் விரலால் தடவிவிட்டு, யார் தைத்தது என்று கேட்டாள். நளினி என்னைக் காட்டினாள். பிறகு இங்கெர் அந்த வம்புக்காரச் சிறுமியைக் கூப்பிட்டாள். அவளுடைய மகள்தானாம். அதன் பாவாடை ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே இரண்டு மடிப்பு. மூன்றாவது பிரித்த இடத்தில் பழைய தையல் தடம்.

பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரிலும் இப்படித்தான் தைப்பார்களாம். அடுத்த வருஷம் ஒரு மடிப்பைப் பிரிக்கும்போது பூவையும் மாற்றிக்கொள்ளலாம் என்று இங்கெர் சொன்னதை நளினி எனக்குச் சொன்னாள்.

ஆரபி காரிலிருந்து இறங்கி, இரண்டு பாவாடையையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்கு மூன்று இருக்கு” என்றாள். அம்மாவிடமிருந்து கொடியை வாங்கிக்கொண்டு ஓடினாள். அந்தச் சிறுமியும் பின்னாலேயே ஓடியது. ஊர்வலத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் நடந்தார்கள்.

திரும்பும்போது ஆரபி கையில் நாலாவது ஐஸ்கிரீம். அன்றைக்குக் கேட்டதெல்லாம் கொடுக்க வேண்டுமாம், அதுவும் அவர்கள் வழக்கமாம். அவள் முன்சீட்டை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“அங்கிள், உங்கட மகளுக்கும் மூன்று மடிப்போ?”

“மூணுதான்மா” என்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அனுப்ப வேண்டிய ஃபஸ்னாவின் கவுன் கடையில் தைத்து முடிந்து கிடந்தது. இந்த வருஷமும் லீவு இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தக் கவுனில் நாலு மடிப்பு வைத்திருந்தேன்.